சிறு கிளினிக் கணினிக்கு மாறும்போது: சேலம், ஏற்காடு மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அஸ்தம்பட்டியில் ஒரு சிறு கிளினிக்கும், வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கும் ஏற்காட்டுக் கிளை ஒன்றும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், நோயாளிகளின் குறிப்புகளைக் கணினிக்கு மாற்ற நினைத்ததும் முதலில் மென்பொருள் விற்பவரைத்தான் அழைக்கிறோம். அவர் வந்து திரையில் வண்ண வண்ணமாகக் காட்டுவார், முன்பணமும் கைமாறிவிடும். அரசின் டிஜிட்டல் பதிவேட்டுக்கு எந்த ஆவணம் வேண்டும், வாட்ஸ்அப்பில் வரும் எக்ஸ்ரே படம் எங்கே போய்ச் சேருகிறது, மருந்து எச்சரிக்கை எதை நம்பி ஒலிக்கிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக எழும். மென்பொருளை எட்டாவது படிக்குத் தள்ளிவையுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. கீழே உள்ள வரிசை, மருத்துவரையும் சேர்த்து நான்கைந்து பேர் வேலை செய்யும் கிளினிக்குக்கு ஏற்றது. ஐம்பது படுக்கை உள்ள மருத்துவமனைக்கு இது போதாது.

1. ஆவணங்களை ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு கோப்பில் இவற்றைச் சேருங்கள்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்று, பட்டச் சான்றுகள், ஆதார், ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண், நீங்கள் மட்டும் திறக்கும் மின்னஞ்சல் முகவரி, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, மருத்துவக் கழிவை அகற்றும் நிறுவனத்துடனான ஒப்பந்தம், கட்டடத்தின் முகப்பும் பெயர்ப்பலகையும் தெரியும் படங்கள். இரண்டு இடங்களில் கிளினிக் இருந்தால், இட ஆவணங்கள் அனைத்தும் இரண்டு தொகுப்புகளாக வேண்டும். சேலத்துக் கிளினிக்கின் சான்று ஏற்காட்டுக் கிளைக்குச் செல்லாது. கிளைக்கு இன்னும் சட்டப்பதிவு இல்லையென்றால், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலக வேலையை முதலில் முடித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

நம்மூர்க்காரர்களைத் தடுக்கி விழவைப்பது தலைப்பெழுத்து. பட்டச் சான்றில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இருக்கும். ஆதாரில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களுக்கோ கவுன்சில் சான்றில் ஒன்றும் வங்கிக் கணக்கில் இன்னொன்றுமாக இருக்கும். இணையப் பதிவில் இரண்டு பெயர்களும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். ஆதாரில் பெயர் திருத்த ஆகும் கட்டணம் நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனால் வாழ்நாளில் இருமுறை மட்டுமே பெயரைத் திருத்த முடியும் என்பதால், கவுன்சில் சான்றில் உள்ள வடிவத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள். திருத்தம் ஏற்கப்படுவதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். மற்ற வேலைகளை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

2. மருத்துவருக்கான பதிவு

நோயாளிகளின் குறிப்புகளை இணையவழி இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உள்ள பதிவேட்டை ஹெச்.பி.ஆர். என்கிறார்கள். ஆதார் ஓ.டி.பி. மூலம் உள்ளே சென்று, கவுன்சிலின் பெயர், பதிவு எண், பதிவு தேதி, பட்டம், பட்டம் பெற்ற ஆண்டு ஆகியவற்றை நிரப்பிச் சான்றுகளைப் பதிவேற்ற வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் ஓ.டி.பி.யைச் சொல்வது, உங்கள் பெயரில் மருந்துச்சீட்டு எழுதும் உரிமையை அவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

விண்ணப்பத்தைச் சேலத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். மலையில் ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும் இடங்கள் பல உண்டு. சான்றுகளை அலைபேசியில் படமெடுக்காமல் ஸ்கேன் செய்து, முத்திரையும் கையெழுத்தும் படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். அதன்பின் கவுன்சில் சரிபார்த்து ஒப்புதல் தரும். அந்தக் காலம் உங்கள் கையில் இல்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐந்தாவது, ஆறாவது படிகளை அந்த இடைவெளியில் முடித்துவிடலாம்.

3. கிளினிக்குக்கான பதிவு

இடத்துக்கான பதிவேடு ஹெச்.எஃப்.ஆர். இதற்கும் கட்டணம் இல்லை. சேலத்துக் கிளினிக்குக்கும் ஏற்காட்டுக் கிளைக்கும் தனித்தனி அடையாள எண்கள் கிடைக்கும். அஞ்சல் குறியீடு 636007, 636601 என்று எளிதாக நிரப்பிவிடலாம். சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. ஏற்காடு வட்டத்தில் ஒரே அஞ்சல் முகவரியின்கீழ் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள ஊர்கள் அடங்கும் என்பதால், முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டு வரைபடம் காட்டும் புள்ளியை அப்படியே ஏற்காமல், கிளினிக் வாசலில் நின்று அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து வந்து நிரப்புங்கள். படுக்கைகளின் எண்ணிக்கையைச் சட்டப்பதிவுச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள்.

இந்தப் பதிவின் நிர்வாகியாக உரிமையாளரின் கணக்கு இருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் ஆள் ‘நானே பதிந்து தருகிறேன்’ என்று தன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டால், பின்னாளில் அந்த நிறுவனத்தை விட்டு விலகும்போது உங்கள் கிளினிக்கின் அடையாளத்தைத் திரும்பப் பெறவே பெரும்பாடு படுவீர்கள்.

4. நோயாளியின் எண்ணும் ஒப்புதலும்

டிஜிட்டல் மிஷன் நோயாளிக்குத் தரும் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா எண் பதினான்கு இலக்கம் கொண்டது. நோயாளி விரும்பினால் மட்டுமே அது உண்டு; இல்லாதவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது. ஆகவே, உங்கள் கிளினிக்கின் சொந்தப் பதிவு எண்ணை எப்போதும் முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பித் தோட்டத்து வீடுகளில் குடும்பம் முழுவதற்கும் ஒரே கைப்பேசி இருப்பது வழக்கம். மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு இணைக்கப்பட்டதாக வரும் குறுஞ்செய்தி மாமனாரின் கையில் போய் நிற்கும். எண்ணை இணைப்பதற்கு முன், ‘இந்த கைப்பேசியை யார் யார் பார்ப்பார்கள் அம்மா?’ என்று வரவேற்பு மேசையில் இருப்பவர் தணிந்த குரலில் கேட்கப் பழக்குங்கள்.

வேறு மருத்துவமனையில் உள்ள குறிப்புகளை இந்த வழியாகப் பெற நோயாளியின் ஒப்புதல் வேண்டும். எதற்காக, எந்தக் காலத்துக் குறிப்புகள், எந்தத் தேதி வரை என்பவை அந்தக் கோரிக்கையிலேயே இருக்கும். கொடுத்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறவும் முடியும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு பற்றிய அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலும் பெறும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. விற்பவர் தரும் ஆங்கிலப் படிவத்தோடு நின்றுவிடாமல், ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பைத் தயாரித்து வரவேற்பறையில் ஒட்டுங்கள். படிக்க இயலாதவருக்கு வாசித்துக் காட்டியதைக் குறிப்பில் எழுதுங்கள். எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநலம் ஆகிய மூன்றுக்கும் தனிச் சட்டங்களின்படி கூடுதல் இரகசியக் கடமை உண்டு. இந்தக் குறிப்புகளை எல்லாப் பணியாளர்களும் திறக்க முடியாதபடி தனியே பூட்டும் வசதி மென்பொருளில் இல்லையென்றால், அவற்றைக் காகிதத்திலேயே, பூட்டிய அலமாரியில் வைத்திருப்பது மேல்.

5. கைப்பேசிச் செய்திகளை ஒழுங்குபடுத்துங்கள்

சிறு கிளினிக்கில் மருத்துவத் தகவல் கசியும் வாய்ப்பு அதிகமாக இருப்பது சர்வரில் அன்று. வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பியின் சொந்தக் கைப்பேசியில்தான். அவர் வேலையை விட்டுப் போகும்போது நூற்றுக்கணக்கான நோயாளிகளின் எண்களும் படங்களும் அவரோடு போகின்றன. கிளினிக்கின் பெயரில் ஒரு சிம், ஒரு தனிக் கைப்பேசி வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய எளிய கருவி போதும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் சில ஆண்டுகள் வரும் மாடலாக இருக்க வேண்டும். அது மாலையில் கிளினிக்கிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் செய்தி வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டுத்தான் செல்கிறது. ஓட்டை இருப்பது இரண்டு முனைகளிலும். பின்வருவனவற்றை அந்தக் கைப்பேசியில் மட்டுமன்றி உங்கள் சொந்தக் கைப்பேசியிலும் செய்யுங்கள். வரும் படங்கள் தானாகக் கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள்; இல்லையென்றால் புண்ணின் படமும் பேரக்குழந்தையின் படமும் ஒரே தொகுப்பாகக் கூகுள் கணக்குக்கு ஏறி, வீட்டுத் தொலைக்காட்சியில் படக்காட்சியாக ஓடும். உரையாடல் காப்புப் பிரதிக்கு முழு மறையாக்கத்தை நீங்களே இயக்க வேண்டும், அது தானாக இயங்குவதில்லை. இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறிலக்கப் பின் எண்ணை அமையுங்கள். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை மாதந்தோறும் திறந்து பாருங்கள். பழைய பணியாளரின் மடிக்கணினி அங்கே இன்னும் இருக்கலாம்.

அனுப்பும் முறையில் நான் இரண்டு விதமாகப் பிரித்துக்கொள்கிறேன். சக மருத்துவர்களின் குழுவில் கருத்துக் கேட்க அனுப்பும் படத்தில் பெயர், முகவரி, முகம், பரிசோதனைக்கூடத்தின் பதிவு எண் எதுவும் இருக்கக் கூடாது. எக்ஸ்ரே படத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் பெயரை வெட்டாமல் அனுப்புவது எல்லோரும் செய்கிற பிழை. ஒரு குறிப்பிட்ட நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்போது நிலைமை வேறு. அங்கே பெயரை முழுக்க மறைத்தால் ஆள் மாறிப்போகும் ஆபத்து, இரகசியம் கசியும் ஆபத்தைவிடப் பெரிது. எனவே பரிந்துரையைக் குழுவில் போடாமல் பெறும் மருத்துவருக்கு மட்டும் அனுப்பி, பெயரோடு வயதையும் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதி, அவர் பார்த்துவிட்டதாக ஒரு வரியில் பதில் வந்த பிறகே அனுப்பிய வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள். நீல நிறக் குறி பதிலாகாது.

மலையிலிருந்து அனுப்புவதில் இன்னொன்று இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரையுள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியை 108 ஆம்புலன்சில் அனுப்பினால், ஈ.சி.ஜி. படத்தையும் பரிந்துரைக் குறிப்பையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே அனுப்புங்கள். அதன் கையெழுத்துப் பிரதி ஒன்றை உடன் செல்பவரின் கையில் கொடுங்கள். அதில் இவை இருந்தால் போதும்: இப்போது என்ன பிரச்சினை, எப்போது தொடங்கியது, முன்பிருந்த நோய்கள், ஒவ்வாமை, கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும், கடைசி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நீங்கள் எதிர்பார்ப்பது என்ன.

தானாக மறையும் செய்திகளைப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் மருத்துவ நெறிமுறை விதிகள், 2002 சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பதிவுகளை வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்வதால், செய்தி மறைவதற்கு முன் அதிலுள்ள மருத்துவத் தகவலை நோயாளியின் பதிவுக்கு மாற்றிவிட வேண்டும். மாலையில் கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

6. கணினி, இணையம், மின்சாரம்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வட்டு மறையாக்கம் இயங்கும் பதிப்பா என்று பாருங்கள். மடிக்கணினி மலைப்பேருந்தில் தொலைந்தாலும் தகவல் போகாமலிருக்க அது ஒன்றே வழி. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை மாற்றி, காத்திருப்பவர்களுக்கான வைஃபையைத் தனியே பிரியுங்கள். பழுது பார்க்க வருபவர் தொலைவிலிருந்து கணினியைத் திறக்கும் செயலியை நிறுவினால், அவர் போனதும் அதை நீக்குங்கள்.

மலைக்கிளைக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்புகள், இடி மின்னலுக்கான சர்ஜ் பாதுகாப்பு, இரண்டு மணி நேரமாவது தாங்கும் யு.பி.எஸ். ஆகியவை கட்டாயம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்தபோது போக்குவரத்தைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் சேலத்திலிருந்து ஒருவர் ஏறி வந்து சர்வரைச் சரிசெய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

காப்புப் பிரதி தினமும் எடுக்கப்பட வேண்டும். ஒன்று இணையத்தில், ஒன்று வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும் வெளி வட்டில். எப்போதும் செருகியே இருக்கும் வட்டைக் கணினியோடு சேர்த்தே பூட்டும் தீநிரல்கள் உண்டு. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இத்தகைய தாக்குதல் முடக்கியபோது, அவ்வளவு பெரிய நிறுவனமே பல நாட்கள் கையால் எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்புப் பிரதியிலிருந்து பத்து நோயாளிகளின் குறிப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

7. தொலைவிலிருந்து ஆலோசனை

இதற்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. நோயாளியே தொடர்புகொண்டால் ஒப்புதல் இருப்பதாகக் கொள்ளலாம். நீங்களோ செவிலியரோ தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதலைப் பதிவுசெய்ய வேண்டும். சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மருந்துச்சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்ற பொது மருந்துகளை எந்த வழியிலும் எழுதலாம். முதல்முறை பார்க்கும் நோயாளிக்கு நெறிமுறைகளில் உள்ள ‘ஏ’ பட்டியல் மருந்துகளை எழுத வீடியோ அழைப்பு கட்டாயம். ‘பி’ பட்டியல் என்பது ஏற்கெனவே நேரில் பார்த்த அதே நோய்க்குக் கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகளுக்கு மட்டும். கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும், போதைப்பொருள் சட்டத்தில் அடங்குபவற்றையும் எழுதக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தை ‘போன தடவை கொடுத்ததுதானே’ என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சீட்டை நேரே மருந்துக்கடைக்கு அனுப்புவதற்கு நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். எந்தக் கடை என்பது அவருடைய தேர்வு.

நேரில் வாங்கும் அதே கட்டணத்தை வாங்கலாம்; ரசீது கொடுங்கள். டிஜிட்டல் கையொப்பம் தேவைப்பட்டால் மூன்றாம் வகுப்புச் சான்றும் யு.எஸ்.பி. டோக்கனும் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். அந்த டோக்கனைக் கணினியிலேயே செருகி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

8. இப்போது மென்பொருளை வாங்குங்கள்

விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: டிஜிட்டல் மிஷனின் எம்1, எம்2, எம்3 என்ற மூன்று நிலைகளில் எவை முடிந்திருக்கின்றன, இணையம் இல்லாதபோது வேலை செய்து பின்னர் தானாக ஒத்திசையுமா, தகவல் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்கிறதா, யார் எந்தக் குறிப்பை எப்போது திறந்தார் என்ற பதிவு கிடைக்குமா, தகவல் கசிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களிடம் சொல்வார்கள். எம்1 என்பது ஆபா எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது, எம்2 உங்கள் குறிப்பைப் பகிர்வது, எம்3 பிறரின் குறிப்பை ஒப்புதலோடு பெறுவது. ‘மிஷனில் இணைந்தது’ என்ற விளம்பரம் பல இடங்களில் எம்1 மட்டும்தான்.

விலகும் வழியை ஒப்பந்தத்தில் முதலில் படியுங்கள். எங்களுக்கு முதலில் மென்பொருள் தந்த நிறுவனம், நாங்கள் விலகும்போது நோயாளிகளின் குறிப்புகளை ஆயிரக்கணக்கான பி.டி.எஃப். கோப்புகளாகக் கொடுத்தது, அவற்றிலிருந்து ஒவ்வாமையையும் இரத்தப் பரிசோதனை எண்களையும் பணியாளர்கள் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. எனவே, ‘எல்லாத் தகவலும் அட்டவணை வடிவிலோ ஃபயர் (FHIR) என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தர வடிவிலோ, கூடுதல் கட்டணமின்றி, கேட்ட முப்பது நாட்களுக்குள்’ என்ற வரி வேண்டும். ஆண்டுச் சந்தா, நிறுவும் கட்டணம், பயிற்சி, குறுஞ்செய்திக் கட்டணம், இரண்டாவது கிளைக்கான கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மென்பொருளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு என்பதால் அதை நீங்கள் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. விலை பேசும்போதே வரியையும் சேர்த்த தொகையைப் பேசுங்கள். மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலாண்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

9. மருந்து எச்சரிக்கைகளைச் சோதித்த பிறகே இயக்குங்கள்

மருத்துவ முடிவுக்கு உதவும் வசதி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி எளிய விதிகள்தாம்: ‘இந்த நோயாளிக்கு இது ஒவ்வாது’, ‘இவை இரண்டும் சேரக் கூடாது’. அந்த விதி ஒலிக்க வேண்டுமென்றால் ஒவ்வாமை, எடை, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), கர்ப்பம் ஆகியவை அவற்றுக்குரிய கட்டங்களில் பதிவாகியிருக்க வேண்டும். குறிப்புப் பகுதியில் ‘பெனிசிலின் ஆகாது’ என்று தமிழில் எழுதி வைத்தால் மென்பொருளுக்கு அது தெரியாது. ஆகவே முதல் இரண்டு மாதங்கள் எந்த எச்சரிக்கையையும் இயக்காமல், இந்த நான்கு கட்டங்களும் நிரம்புகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். எல்லா நோயாளிகளுக்கும் நிரப்ப முயல வேண்டாம். நீண்டகால மருந்து சாப்பிடுபவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் போதும்.

பிறகு கற்பனை நோயாளிகளைப் பதிந்து சோதியுங்கள். என் சோதனைகள் இவை. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமாக்சிசிலின், கிளாவுலனேட் கலந்த மாத்திரையை அதன் கடைப்பெயரில் எழுதினால் எச்சரிக்கிறதா? பாராசிட்டமால் கலந்த இரண்டு வெவ்வேறு கடைப்பெயர்களை ஒரே சீட்டில் எழுதினால் ‘ஒரே மருந்து இருமுறை’ என்கிறதா? நம் நாட்டுக் கூட்டு மருந்துகள் எண்ணிலடங்காதவை. வெளிநாட்டு மருந்துத் தரவுத்தளத்தைக் கொண்டு செய்த மென்பொருள் இங்கேதான் தோற்கும். சிறுநீரக வடிகட்டும் திறன் 28 என்று பதிந்து மெட்ஃபார்மின் எழுதுங்கள்; முப்பதுக்குக் கீழே அது கூடாது என்று சொல்ல வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல், கர்ப்பிணிக்கு எனலாப்ரில் ஆகியவற்றையும் எழுதிப் பாருங்கள்.

குழந்தைக்கான அளவுதான் மிகவும் நுட்பமான சோதனை. எட்டுக் கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி சரி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அதே 5 மில்லி இரட்டிப்பு அளவைத் தாண்டிவிடும். மென்பொருள் மில்லியை மட்டும் பார்க்கிறதா, செறிவையும் சேர்த்துப் பார்க்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

சோதனையில் தேறியவற்றில்கூடக் கடுமையான எச்சரிக்கைகளை மட்டும் இயக்குங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு சிவப்புப் பெட்டிகள் எழுந்தால், நெரிசலான திங்கட்கிழமை காலையில் எந்த மருத்துவரும் படிக்காமலே அவற்றை மூடுவார். அந்த நான்கில் ஒன்று உண்மையானதாக இருக்கும். எந்த எச்சரிக்கை எத்தனை முறை மீறப்பட்டது என்ற பட்டியலை மாதக் கடைசியில் எடுத்து, எப்போதும் மீறப்படுபவற்றை அணைத்துவிடுங்கள்.

ஈ.சி.ஜி.யையோ எக்ஸ்ரேயையோ தானே படித்து நோயைச் சொல்லும் மென்பொருள், மருத்துவக் கருவி விதிகள், 2017இன் வரம்புக்குள் வரக்கூடியது. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏழாவது படியில் சொன்ன 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளும், செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், ஆனால் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரே செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. பொது உரையாடல் செயலிகளில் நோயாளியின் பெயரோடு அறிக்கையை ஒட்டிக் கேள்வி கேட்பதைப் பணியாளர்களுக்குத் தடைசெய்யுங்கள்.

முடிவுக்கான உதவி திரையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டுள்ள ஒரு பக்கச் சிகிச்சை வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேவையானவற்றை அச்சிட்டு லேமினேட் செய்து சுவரில் மாட்டலாம். ஏற்காட்டுக் கிளையில் பாம்புக்கடிக்கான தாள் மின்சாரம் இல்லாத இரவிலும் படிக்கக் கிடைக்க வேண்டும்: கடித்த நேரம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை, இமை தொங்கல், விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது, யாரை அழைப்பது. தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய ஒன்று என்பதால், அதற்கான படிவத்தையும் அந்தத் தாளின் பின்னாலேயே செருகி வையுங்கள்.

10. தகவல் கசிந்தாலோ கணினி பூட்டப்பட்டாலோ

இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். கணினியை அணைக்க வேண்டாம், அதில் தடயம் இருக்கும். திரையைப் படமெடுத்து நேரத்தைக் குறியுங்கள். கேட்கும் பணத்தைக் கட்ட வேண்டாம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அதன் இலவச எண் 1800-11-4949. பணமும் போயிருந்தால் இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐயும் அழையுங்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். அதன்பின் கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். யார் எதைத் திறந்தார் என்ற பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு இல்லாததற்கான அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் கசிந்தாலும் பொறுப்பு முதலில் உங்களுடையது என்பதால்தான் எட்டாவது படியில் அந்த மணி நேரக் கணக்கை எழுதி வாங்கச் சொன்னேன்.

இந்த எண்களையும், மென்பொருள் நிறுவனத்தின் அவசர எண்ணையும், காப்புப் பிரதி எடுக்கும் பணியாளரின் எண்ணையும் ஒரு தாளில் அச்சிட்டு இரண்டு கிளினிக்குகளிலும் மேசையின் உட்புறம் ஒட்டுங்கள். கூடவே, கணினி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவதற்கான வெற்று மருந்துச்சீட்டுப் புத்தகங்கள், ரசீதுப் புத்தகம், கார்பன் தாள் ஆகியவற்றை மலைக்கிளையில் வாங்கி வையுங்கள். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.